மலையை இழுத்தால் மாலை

மூன்று மாதமாக ஒரே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நின்றேன். பெரிய சொல்லும் இல்லை, மலை. பாட்டு பினாங்கில் முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலையைப் பற்றியது. மெட்டு முதலிலேயே வந்துவிட்டது, கிட்டாரில் வாசித்துப் பார்த்தால் நெஞ்சை என்னவோ செய்யும் அளவுக்கு எனக்குப் பிடித்த மெட்டு, பல்லவியின் முதல் எழுத்திலேயே குரல் மேலே ஏறி நாலு எண்ணிக்கைக்கு அங்கேயே நிற்கும், அப்புறம் படிப்படியாக இறங்கும். அந்த இடத்தில் "மலைமேல நின்னு பார்த்தா" என்று எழுதி வைத்திருந்தேன். தாளில் நன்றாகத்தான் இருந்தது.

பாடிக் காட்டியபோது அம்மா அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார்: "எந்த மாலை? சாயங்காலமா, சாமிக்குப் போடுறதா?"

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அம்மா கேட்டது நூற்றுக்கு நூறு சரி. நாலு எண்ணிக்கைக்கு நிற்கிற சுரத்தில் 'ம'வை வைத்தால் அது 'மா' ஆகாமல் வேறு எப்படி ஆகும்? தமிழில் குறிலை இழுக்க வழியே இல்லை. இழுத்தால் நெடில், நெடிலானால் வேறு சொல். மலை மாலையாகும், கலை காலையாகும், விடு வீடாகும், படு பாடாகும். பேச்சில் யாரும் இப்படி இழுக்கப் போவதில்லை என்பதால் நமக்கு இது உறைப்பதே இல்லை. பாட்டில் ஒவ்வோர் எழுத்துக்கும் எவ்வளவு நேரம் என்று மெட்டு முடிவு செய்கிறது, ஆனால் அந்த நேரத்தை மொழி ஏற்கெனவே பங்கு போட்டுக் கொடுத்துவிட்டது. இரண்டு கணக்கும் ஒத்துப்போகும் இடம்தான் பாட்டு எழுதும் வேலை என்று இப்போது நினைக்கிறேன். பத்து வருடமாகப் பாட்டு எழுதுகிறேன், இது இவ்வளவு தெளிவாக எனக்குத் தெரிந்தது இந்த ஒரு பாட்டில்தான்.

படிவம் நான்கில் தமிழ் படித்தபோது அளபெடை என்று ஒரு பாடம் வந்தது. எஸ்.பி.எம். என்ற பள்ளி இறுதித் தேர்வுக்காக மனப்பாடம் செய்ததோடு சரி. செய்யுளில் ஓசை குறையும் இடத்தில் நெட்டெழுத்து ஏழும் தன் அளவுக்கு மேல் நீளும், நீண்டது தெரிய அதன் இனக்குறிலைப் பக்கத்தில் எழுதுவார்கள், 'ஓஒ', 'ஆஅ' என்று. குறில் குறிலாகவே நீளும் என்று எங்கேயும் சொல்லவில்லை. எவ்வளவு கூர்மையான காது இருந்திருந்தால் இதை இலக்கணமாக எழுதி வைத்திருப்பார்கள்! இனிமைக்காகவே நீட்டுவதற்கு இன்னிசை அளபெடை என்று தனிப் பெயரே உண்டு. பதினேழு வயதில் இதை யாராவது ஒரு கிட்டாரோடு உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருந்தால் நான் எத்தனை பாட்டைக் கெடுக்காமல் விட்டிருப்பேன்.

இதை இங்கே எழுத ஒரு காரணம் இருக்கிறது. எங்காவது பாடி முடித்து இறங்கினால், அது ஹின் பஸ் டிப்போ கலைக்கூடத்தில் நாற்பது பேர் முன்னால் பாடிய நாளாக இருந்தாலும் சரி, கல்யாண வீட்டு மண்டபமாக இருந்தாலும் சரி, யாராவது வந்து, "உங்க பாட்டுல எல்லாம் கலந்திருக்கே, எப்படிக் கலக்குறீங்க?" என்று கேட்பார்கள். அன்பாகத்தான் கேட்கிறார்கள். அவர்கள் மனத்தில் இருப்பது உறுமி கொஞ்சம், கிட்டார் கொஞ்சம், மலாய் வரி இரண்டு, சீன வாத்தியம் ஒன்று என்று ரோஜாக் தட்டு மாதிரி ஒரு படம். நானும் முதல் சில வருடங்கள் அப்படித்தான் எழுதினேன், வாத்தியங்களைச் சேர்த்தால் கலந்துவிடும் என்று நம்பினேன். கலக்கவில்லை, பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன, அவ்வளவுதான். கலப்பு வாத்தியத்தில் தொடங்குவதில்லை. ஒரு மொழி எங்கே மூச்சு விடுகிறது, எங்கே அடிக்கிறது, எதை நீட்ட விடுகிறது, எதை விடுவதில்லை என்பதில் தொடங்குகிறது. அது சரியாக விழுந்துவிட்டால் ஒரே ஒரு கிட்டார் போதும், கேட்கிறவருக்கு எல்லாம் கேட்கும்.

சரி, மெட்டு எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

எங்கள் வீடு பட்டர்வொர்த் பக்கம், வேலை ஜோர்ஜ்டவுனில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுவது. தினமும் மோட்டார் சைக்கிளோடு ஃபெரி ஏறி, மோட்டாரோடு இறங்குகிறவள். என் பாட்டில் பாதிக்கு மேல் கடல் நடுவில்தான் பிறந்திருக்கிறது. பழைய ஃபெரியில் ஏறியவர்களுக்குத் தெரியும், எஞ்சின் சத்தம் காதில் கேட்பதற்கு முன்னால் காலில் தெரியும், இரும்புத் தரை வழியாக முழங்கால் வரைக்கும் ஏறும் ஒரு 'ம்ம்ம்'. கூர்ந்து கேட்டால் அதில் ஒரு சுருதி இருந்தது, அதற்கு மேலே மெல்லிசாக 'ப' என்ற பஞ்சமமும் கேட்கும். நான் ஹெல்மெட்டைக் கழற்றாமல் உள்ளேயே முனகுவேன். ஹெல்மெட் ஒரு சின்ன அறை மாதிரி, என் குரல் எனக்கு மட்டும் முழுசாகக் கேட்கும், பக்கத்தில் நிற்கிறவருக்குக் கேட்காது, காதொலிக் கருவியின் மைக் வழியாகப் போனில் பதிவாகிவிடும். போனில் இப்படி நானூறுக்கு மேல் துண்டுகள் இருக்கின்றன. 'ஃபெரி மழை', 'பார்க்கிங் படி', 'சோறு வடிக்கும்போது' என்று பெயர் போட்டு வைத்திருக்கிறேன். எல்லாம் தத்தகாரம்தான், தனனா தானனா, சொல் எதுவும் கிடையாது.

இந்த மெட்டு 2020 கடைசியில் வந்தது. அந்த டிசம்பர் 31ஆம் தேதியோடு பழைய ஃபெரியில் ஆட்களை ஏற்றும் சேவை நிற்கப்போகிறது என்று அறிவித்திருந்தார்கள். வாகனங்களுக்கு மட்டும் கொஞ்ச காலம் ஓடியது. 2023 ஆகஸ்டில் புதிய ஃபெரிகள் வந்தன, மோட்டார் ஏறும், கார் ஏறாது. வேகமும் வசதியும் கூடியிருக்கிறது, குறை சொல்லவில்லை, ஆனால் அதன் சுருதி வேறு. பழைய சுருதி என் போனில் மட்டும் இருக்கிறது. அதை ஓடவிட்டுத்தான் கிட்டாரைச் சுருதி சேர்த்தேன், வழக்கமான கட்டுமானத்தில் இல்லாமல் டி, ஏ, டி, ஜி, ஏ, டி என்று. இந்தக் கட்டில் 'க' என்ற காந்தாரம் கிடையாது, 'ஸ' என்ற ஷட்ஜமும் பஞ்சமமும் நடுவில் 'ம' என்ற ஒரு மத்தியமமும்தான், கிட்டத்தட்டத் தம்பூரா மாதிரி. பல சுரங்களை ஒன்றாக அடிக்கும் வழக்கமான கார்டு போட்டால் குரல் வளையும் இடத்தில் கார்டு முட்டிக்கொள்ளும், ஏனென்றால் காந்தாரம் இதுதான் என்று கார்டு அடித்துச் சொல்லிவிடுகிறது, குரல் அதற்குள் இன்னும் முடிவு செய்யாமல் ஊசலாடிக்கொண்டிருக்கும். இந்தக் கட்டில் அந்தச் சண்டை இல்லை.

மெட்டுக்குப் பாட்டா, பாட்டுக்கு மெட்டா என்ற பழைய கேள்விக்கு என் பதில், மெட்டு முதலில் வரலாம், ஆனால் சொல் வந்து உட்காரும்போது மெட்டு எழுந்து இடம் கொடுக்க வேண்டும். மெட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. இதை ஏற்றுக்கொள்ள எனக்கு மனமே வரவில்லை, அதனால்தான் மூன்று மாதம் போனது. 'குன்று' என்று மாற்றிப் பார்த்தேன், அது வேறு யாருடைய ஊரோ மாதிரி இருந்தது. பினாங்கில் யாரும் தண்ணீர்மலையைக் குன்று என்று சொல்ல மாட்டார்கள். நீண்ட சுரத்தைச் சின்னதாக்கிப் பார்த்தேன், மெட்டு செத்துப்போனது. 

இதற்கிடையில் இரண்டாம் சரணம் தானாக முடிந்துவிட்டது, அது மலாயில். அலுவலகத்தில் என் பக்கத்து மேசையில் ஒரு மலாய்க்கார அக்கா, 'காக்' என்றுதான் கூப்பிடுவேன். பந்துன் என்ற மலாய்ப் பாட்டைச் சொல்வதில் கெட்டிக்காரர், பகல் சோற்றுக்குப் போகும் வழியிலேயே ஒன்று கட்டிவிடுவார். நாலு வரி, முதல் இரண்டு வரி மழை, மரம், ஆறு என்று ஏதாவது ஒரு காட்சி, அதற்குப் பெம்பாயாங் என்று பெயர், நிழல் விழுவது மாதிரி. கடைசி இரண்டு வரியில்தான் சொல்ல வந்த விஷயம். ஒன்றாம் வரியும் மூன்றாம் வரியும் ஒரே ஒலியில் முடியும், இரண்டும் நாலும் இன்னோர் ஒலியில். 2020இல் இந்தோனேசியாவும் மலேசியாவும் சேர்ந்து கேட்டு யுனெஸ்கோ பந்துனை மரபுப் பட்டியலில் சேர்த்தது. நான் எழுதியதைக் காக்கிடம் காட்டி, அவர் ஒரு சொல்லைத் திருத்திக் கொடுத்த பிறகு இப்படி வந்தது:

ஃபெரி லாமா டி தெப்பி குவாலா,
சாட்ஞா லுந்தோர் டிமாக்கான் ஹுஜான்;
சுவாரா நேனேக் டி டாலாம் கெப்பாலா,
ஜாடி லாகு டி தெங்ஙா ஜாலான்.

கழிமுகத்து ஓரம் பழைய ஃபெரி, மழை தின்று சாயம் வெளுத்தது, தலைக்குள் இருக்கும் பாட்டியின் குரல் பாதி வழியில் பாட்டானது என்று பொருள். இதை மெட்டில் வைத்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒரு தொல்லையும் இல்லை. 'லாகு'வை எட்டு எண்ணிக்கைக்கு இழுத்தாலும் அது லாகுதான், 'ஜாலான்' எப்படி நின்றாலும் ஜாலான்தான். மலாயில் குறில் நெடில் வைத்துச் சொல் மாறுவதில்லை. அதனால் அந்த மொழியில் பாடும்போது நீண்ட சுரம் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம், குரலுக்கு அவ்வளவு பெரிய வாசல்.

இன்னொன்றும் கவனித்தேன். பந்துனில் ஒலி ஒத்துப்போவது வரியின் கடைசியில். தமிழில் நமக்கு எதுகை, வரியின் தலைமாட்டில், இரண்டாம் எழுத்தில் வருகிறது. அதே பாட்டின் முதல் சரணம் இது:

கப்பல் ஏறி வந்த காலம்
உப்புக் காத்துல கரைஞ்சு போச்சு
எப்பவாச்சும் ராத்திரியில
தப்புச் சத்தம் மட்டும் கேக்கும்

கப், உப், எப், தப். ஒவ்வொரு வரியும் அடித்துக்கொண்டே உள்ளே நுழைகிறது, தப்பு மேளத்தில் முதல் அடி விழுகிற மாதிரி. மலாய் வரி அமைதியாக நுழைந்து கடைசியில் போய் மணியடிக்கிறது, டிக்கிர் பாராட் என்ற மலாய்க் குழுப் பாட்டில் சுற்று முடியும் இடத்தில் கோங் விழுவது மாதிரி. இரண்டு சரணத்துக்கும் ஒரே தாளக்கட்டை வாசித்துக்கொண்டிருந்தேன், ஏதோ ஒட்டவில்லை, என்னவென்று புரியவில்லை. இது புரிந்த பிறகு தமிழ்ச் சரணத்தில் கிட்டாரின் கனமான அடியைச் சுற்றின் தொடக்கத்தில் வைத்தேன், மலாய்ச் சரணத்தில் தொடக்கத்தை வெறுமையாக விட்டுவிட்டுக் கடைசி எண்ணிக்கையில் கீழ்த் தந்தியை மட்டும் ஒரு தட்டு. அவ்வளவுதான் மாற்றம். காக் கேட்டுவிட்டு, "இப்போதான் இது எங்க பாட்டு மாதிரி இருக்கு" என்றார். ஒரு மலாய் வாத்தியம்கூட அதில் இல்லை.

காதுக்குள் இதெல்லாம் எப்படிப் போனது என்று யோசித்தால், நான் சின்ன வயதில் பாட்டு கற்றுக்கொண்ட இடத்துக்குப் போகவேண்டும். ஜோர்ஜ்டவுனில் காப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு மாடி வீடு. அந்த ஒரு தெருவில் நடந்தால் 1818இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், குவான் இன் கோயில், பின்வாசல் அந்தத் தெருவைப் பார்த்திருக்கும் மகா மாரியம்மன் கோயில், அப்புறம் பள்ளிவாசல் என்று எல்லாம் கூப்பிடு தூரத்தில். சாயங்கால வகுப்பு. கர்நாடக சங்கீதத்தில் முதலில் சொல்லிக்கொடுப்பது மாயாமாளவகௌளை ராகம். ஸ ரி க ம என்று நாங்கள் சரளி வரிசை பாடிக்கொண்டிருக்கும்போது மஃக்ரிப் பாங்கு கேட்கும், டீச்சர் கையைக் காட்டி நிறுத்துவார், முடியும்வரை சும்மா உட்கார்ந்திருப்போம். சில நாள் பாங்கு சொல்கிறவர் ஹிஜாஸ் என்ற அரபு இசை முறையில் சொல்லுவார். அந்த ஹிஜாஸின் முதல் நாலு சுரமும் மாயாமாளவகௌளையின் முதல் நாலு சுரமும் ஒரே இடைவெளிகள்தான், ரிஷபம் ஷட்ஜத்தை ஒட்டி நிற்கும், காந்தாரம் எட்டி நிற்கும். அப்போது எனக்கு இது எதுவும் தெரியாது. பாங்கு முடிந்து நாங்கள் விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கும்போது, அவரே விட்ட இடத்திலிருந்து நாங்கள் எடுத்துப் பாடுகிற மாதிரி இருக்கும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும், அதுவே போதுமாக இருந்தது.

சீனர்களின் ஏழாம் மாதத்தில் பசியோடு அலையும் ஆவிகளுக்காகத் தெருவிலேயே மேடை போட்டு நாடகமும் பாட்டும் நடத்துவார்கள், முதல் வரிசை நாற்காலிகளைக் காலியாக விட்டுவிடுவார்கள். அப்பா கையைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்திருக்கிறேன். பிறகு மோகனம் கற்றபோது, "இது அந்த மேடைப் பாட்டு மாதிரி இருக்கே" என்று டீச்சரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஸ ரி க ப த, ஐந்தே சுரம், அவர்களுக்கும் அதே ஐந்து என்றார். அப்புறம் ஆர்மோனியத்தில் அதே ஐந்து கட்டைகளை வைத்துக்கொண்டு ரிஷபத்தை ஷட்ஜமாக்கி வாசித்தார், மத்யமாவதி வந்தது, காந்தாரத்தை ஷட்ஜமாக்கினார், ஹிந்தோளம் வந்தது. சீன இசையிலும் இப்படி ஒரே ஐந்து சுரத்தை ஐந்து விதமாகத் தொடங்குவார்கள். அந்த அரைமணி நேர வகுப்புக்கு நான் இன்றைக்கும் கடன்பட்டவள்.

வீட்டில் அப்பாவுக்கு விடிகாலை மின்னல் எஃப்எம், அது வானொலி ஆறாக இருந்த காலத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தவர். ராத்திரியில் பி. ரம்லியின் மலாய்ப் பாட்டு. 1929இல் இதே பினாங்கில் பிறந்தவர் ரம்லி, 1950இல் அவர் முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த படத்தை இயக்கியவர் எல். கிருஷ்ணன், நம்மவர். அல்லிகேட்ஸ் குழுவின் டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் சகோதரர்களும் பினாங்குக்காரர்கள்தான், நாடு முழுக்க மலாய்ப் பாட்டால் ஆண்டார்கள். இவர்களையெல்லாம் கேட்டு வளர்ந்தவளிடம் எது தமிழ் மெட்டு, எது மலாய் மெட்டு, கோடு போட்டுக் காட்டு என்றால் என்னால் முடியாது. முயற்சி செய்யவும் விருப்பமில்லை.

ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே தைப்பூசம். வெள்ளி ரதம் பினாங்கு ஸ்திரீட் கோவில் வீட்டிலிருந்து கிளம்பி நகரத்தார் கோயிலுக்கு வந்து சேரும் நாளில், வாட்டர்ஃபால் சாலை முழுக்கத் தண்ணீர்ப் பந்தல்கள், ஒவ்வொரு பந்தலிலும் ஒலிபெருக்கி, ஒவ்வொன்றிலும் வேறு பாட்டு. இரண்டு பந்தலுக்கு நடுவில் ஓர் இடம் உண்டு, ஏழெட்டு அடிதான் இருக்கும், அங்கே நின்றால் பின்னால் ஒரு பாட்டும் முன்னால் ஒரு பாட்டும் சரிசமமாகக் கேட்கும், நடுவில் காவடியோடு வரும் உறுமி மேளம் இரண்டையும் கிழித்துக்கொண்டு போகும். சின்ன வயதில் வேண்டுமென்றே அந்த இடத்தில் நின்றுவிடுவேன், அம்மா கையைப் பிடித்து இழுப்பார். இன்றைக்கும் பாட்டைக் கலக்கும்போது, மிக்ஸிங் வேலையைச் சொல்கிறேன், அந்த ஏழெட்டு அடியைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

உறுமி வாசிப்பது என் தாய்மாமா. முப்பது வருடமாக வாசிக்கிறார். உறுமியைப் பக்கத்தில் பார்த்திருக்கிறீர்களா? இடுப்பு சிறுத்த மரக்கட்டை, இரண்டு பக்கமும் தோல். ஒரு பக்கம் நேரான மெல்லிய குச்சியால் அடிப்பார்கள். இன்னொரு பக்கத்தில்தான் விஷயம் இருக்கிறது, வளைந்த குச்சியின் முனையைத் தோலில் அழுத்தித் தேய்ப்பார்கள், அடிப்பது கிடையாது. தோல் அதிர்ந்து, விட்டு, மறுபடி அதிர்ந்து, 'ஊஉம்ம்' என்று உள்ளிருந்து ஒரு முனகல் வரும். மாமாவின் குச்சியின் முனை கண்ணாடி மாதிரி வழவழப்பாகத் தேய்ந்திருக்கும். அழுத்தம் கூடினால் சத்தம் மேலே ஏறும், குறைந்தால் இறங்கும். தோல்கருவியில் ஒரு கமகம்! முதல் தடவை பதிவு செய்த ஒலியைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன், பழைய ஃபெரியின் எஞ்சின் ஒலிக்குப் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி மாதிரி இருந்தது.

அந்த முதல் பதிவுக்கு என்ன ஆனது என்பதையும் சொல்லவேண்டும், இன்னும் எனக்கு ஆறவில்லை. கோலாலம்பூரில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு மாமாவை அழைத்துக்கொண்டு போனேன், பஸ்ஸில், உறுமியை மடியில் வைத்துக்கொண்டு. 1,800 வெள்ளி, ஐந்து மாதம் சேர்த்த காசு. மாமா அருமையாக வாசித்தார். இரண்டு வாரம் கழித்துக் கோப்பு வந்தது. கேட்டால், ஒவ்வோர் அடியும் கணினிக் கட்டத்துக்குள் இழுத்து நேராக்கப்பட்டிருந்தது. காவடிச் சிந்தின் நடை 'தகிட தகிட' என்று மூன்று மூன்றாகப் போகும் என்று எழுதலாம், ஆனால் மாமா கையில் அந்த மூன்றும் சமம் கிடையாது, முதல் அடி ஒரு மயிரிழை நீண்டு, மூன்றாவது அடி அடுத்ததன் மேலே சாய்ந்துகொண்டே வரும், அந்தச் சாய்வில்தான் ஆட்டம் இருக்கிறது, அதைக் கேட்டுத்தான் காவடி தூக்கிய கால் எழும்புகிறது. நேராக்கியதும் சாய்வு போய்விட்டது, தையல் மிஷின் மாதிரி ஓடியது. பழையபடி மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டேன். அசல் கோப்பை வைத்துக்கொள்ளவில்லை என்றார்கள். மாமாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஒரு மாதம் அவர் வீட்டுப் பக்கமே போகவில்லை.

அதன் பிறகு எல்லாம் வீட்டில்தான். உறுமி மட்டும் எங்கள் அடுக்குமாடியின் படிக்கட்டில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆள் நடமாட்டம் குறைவான நேரம். மைக்கைப் பக்கத்தில் வைத்தால் தேய்ப்பு மட்டும் கேட்கிறது, முனகல் கேட்பதில்லை. ஒன்றரை மாடி மேலே கொண்டுபோய் வைத்தேன், சத்தம் சுவரில் பட்டுச் சுற்றி ஏறி வரும்போதுதான் அதன் வயிறு தெரிகிறது. தாளம் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் போடுவதில்லை. மாமா முதலில் வாசிப்பார், நான் அவர் நடைக்குக் கிட்டாரைப் பொருத்துவேன். ஒரு தடவை விளையாட்டாக ஜோகெட் என்ற மலாய் ஆட்டத்தின் நடையில் கிட்டாரைத் தட்டினேன், அதுவும் மூன்றும் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து ஓடும் நடை, மாமா ஒன்றுமே கேட்காமல் உள்ளே வந்து சேர்ந்துகொண்டார். "இது நம்ம சிந்துதானே பிள்ள" என்றார். நான் மறுத்துப் பேசவில்லை.

மலைக்கு வருகிறேன்.

பாட்டி கூலிம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் நின்ற காலத்தைப் பற்றி அதிகம் பேசமாட்டார், பாடுவார். 2014இல், அவர் போவதற்கு முந்தின வருடம், போனில் ஒரு தாலாட்டைப் பதிவு செய்து வைத்திருந்தேன். இரண்டு நிமிடம் நாற்பது நொடி. பின்னால் காற்றாடி சத்தம், நடுவில் ஒரு தடவை இருமல். அதை அடிக்கடி கேட்பேன், ஆனால் பாட்டிக்காகக் கேட்பேன், பாட்டுக்காகக் கேட்டதில்லை. இந்தச் சொல் சிக்கலில் மண்டை காய்ந்துபோய் ஒரு ராத்திரி ஹெட்போன் போட்டுக் கேட்டபோது, முதல் தடவையாக எழுத்து எழுத்தாகக் கேட்டேன்.

ஆராரோ ஆரிரரோ. நீட்டுகிற இடத்தில் எல்லாம் நெடில். ஆ, ரோ. நீட்டவேண்டும் என்றே செய்த சொற்கள், யார் செய்தது என்று யாருக்குத் தெரியும். அதைவிட முக்கியம், பாட்டி எந்த வரியையும் தாளத்தில் தொடங்கவே இல்லை. தூளியை ஆட்டும் கைதான் தாளம், பதிவில் கயிறு கிறீச்சிடுவது கேட்கிறது. அந்தக் கிறீச்சுக்கு முன்னால் ஒரு சின்னச் சொல்லைத் தூவிவிடுவார், 'என்', 'அட', 'அடி' என்று, மூச்சு எடுக்கிற மாதிரி, அப்புறம் கிறீச்சு விழும்போது நெடில் போய் அதன் மேலே உட்காரும். குறிலெல்லாம் வாசலுக்கு வெளியே, நெடில் வீட்டுக்குள்ளே. சங்கீத வகுப்பில் இதற்கு அதீத எடுப்பு என்று பெயர், தாளத்துக்கு முன்னாலேயே பாட்டு தொடங்குவது. பாட்டிக்கு அந்தப் பெயர் தெரியாது.

எழுந்து உட்கார்ந்து கிட்டாரை எடுத்தேன். மலையின் முழுப் பெயர் தண்ணீர்மலை. 'தண்' என்பதைத் தாளத்துக்கு முன்னால் தள்ளினேன். 'ணீ' போய் அந்த உயரமான சுரத்தில் நின்றது, நெடில், நாலு எண்ணிக்கை என்ன, எட்டு எண்ணிக்கைக்கும் நிற்கும், ஒன்றும் ஆகாது. 'மலை' இறங்கும் சுரங்களில் இரண்டு சின்னப் படியாக இறங்கியது. தண், ணீஇஇஇர், மலை. மெட்டில் ஒரு சுரம்கூட மாறவில்லை, முன்னால் ஒரு சின்னக் காலடி மட்டும் கூடியது. மலைக்கு ஏற 513 படி, முதல் படிக்கு முன்னால் ஓர் எட்டு எடுத்து வைப்போம் இல்லையா, அது மாதிரி.

விடிய நாலு மணி இருக்கும். அம்மா எழுந்து தண்ணீர் குடிக்க வந்தார். பாடிக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. "இப்ப மலைன்னு கேக்குது" என்றார், அப்புறம், "ஆச்சி மாதிரி இழுக்குறே" என்றார். அவர் அம்மாவை அவர் ஆச்சி என்றுதான் கூப்பிடுவார்.

இப்போது பாட்டு முக்கால்வாசி முடிந்துவிட்டது. பழைய ஃபெரியின் எஞ்சின் ஒலி அடியில் ஓடுகிறது, அதன் மேலே கிட்டார், குரல், உறுமி ஒரே ஒரு தேய்ப்பு மட்டும் ஒவ்வொரு சரணத்தின் முடிவிலும். முழு மேளத்தையும் வைத்துப் பார்த்தேன், எடுத்துவிட்டேன். தைப்பூசத்துக்கு முன்னால் வெளியிட எண்ணம். நேற்று மாமாவுக்கு அனுப்பினேன். இரண்டு தடவை கேட்டாராம். ராத்திரி கூப்பிட்டு, "மலாய்ச் சரணம் முடியிற எடத்துல என் குச்சி ஒரு நூல் முன்னாடி விழுது பிள்ள, அந்தக் கடைசிச் சொல்லு இன்னும் நிக்குது. அது முடிஞ்சப்புறம்தான் நான் வரணும். ஞாயித்துக்கிழமை படிக்கட்டு காலியா இருக்குமா?" என்று கேட்டார்.

இருக்கும் என்று சொல்லியிருக்கிறேன்.